கோயமுத்தூர்ல சைக்கிள் கிளப்ல சேரலாம்னு இருக்கேன், மெதுவா ஓட்டறவங்களை விட்டுட்டு போயிருவாங்களா?

துடியலூர்_வாசி

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க ரொம்ப நாளா படிச்சுட்டுதான் இருக்கேன், எழுதறது இதான் முதல் தடவை. எனக்கு 47 வயசு. போன வருஷம் சுகர் இருக்குதுன்னு தெரிஞ்சுது, டாக்டர் தினமும் நடங்கன்னாரு, ஆனா எனக்கு முட்டி வலி, ஒரு நாள் நடந்தா ரெண்டு நாளைக்கு படி ஏற முடியறதில்ல. அப்பறம் அவரே சைக்கிள் ஓட்டுங்க முட்டிக்கு பாரம் கம்மின்னு சொன்னதால ஒரு ஹைப்ரிட் வாங்கி நாலு மாசமா ஓட்டறேன். துடியலூர்ல இருந்து கணுவாய் வழியா வடவள்ளி வரைக்கும் போய்ட்டு திரும்பறது. மணிக்கு 16, 17 கிலோமீட்டர்தான் வருது, அதுக்கு மேல முடியல.

சின்ன வயசுல வாடகை சைக்கிள் எடுத்து குரங்கு பெடல் போட்டு கத்துக்கிட்டவன் நான், அந்த சந்தோஷம் இப்ப திரும்ப வந்திருக்குது, அதான் நாலு பேரோட சேந்து ஓட்டணும்னு ஆசை. ஆனா பயமா இருக்குதுங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு குரூப்போட போனேன், பேரு வேண்டாம். கெளம்பி அரை மணி நேரத்துல அவங்க லைட்டு கூட கண்ணுக்கு தெரியல. அப்பறம் எனக்கு பஞ்சர். போன் அடிச்சேன் யாரும் எடுக்கல, ஓட்டறப்ப எடுக்க முடியாது அது புரியுது, ஆனா வீட்டுக்கு போன பொறவும் ஒருத்தரும் திருப்பி கூப்பிடல. வண்டிய தள்ளிக்கிட்டே மெயின் ரோடு வந்து ஒரு டெம்போவுல ஏத்திட்டு வந்தேன். அன்னிக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. எல்லா கிளப்பும் இப்படித்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெண்டுசக்கரம்

வணக்கமுங்க. படிச்சதும் எனக்கே சங்கடமா போச்சு. நான் 9 வருஷமா ஞாயித்துக்கிழமை ரைடு போறவன், அதுல பாதிக்கு மேல ஸ்வீப்பாத்தான் போயிருக்கேன், அதனால இத பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

ஸ்வீப்புன்னா கடைசியா வர்றவர். அவருக்கு அன்னிக்கு ஒரே ஒரு வேலைதான், தனக்கு முன்னாடி போற கடைசி ஆளை தாண்டக்கூடாது. அந்த ஆளு 12ல போனாலும் சரி, வண்டிய எறங்கி தள்ளினாலும் சரி, ஸ்வீப்பும் கூடவே எறங்கி தள்ளணும். எங்க கிளப்புல ஸ்வீப்புக்குன்னு ஒரு மஞ்ச பை இருக்குது, அதுல ட்யூப், லீவர், பம்பு, பேட்ச், பேண்டேஜ், குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் இருக்கும். பை யாரு முதுகுல இருக்குதோ அவருதான் அன்னிக்கு ஸ்வீப்.

இதெல்லாம் முதல்ல இருந்தே இருந்ததுன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு சம்பவம் நடந்துதான் வந்துச்சு. காந்திபார்க்ல இருந்து செல்வபுரம், பேரூர் வழியா சிறுவாணி ரோட்ல ஆலாந்துறை வரைக்கும் போறதுதான் எங்க வழக்கமான ரூட்டு, போக வர 40 கிலோமீட்டர் கிட்ட வரும். அன்னிக்கு 23 பேரு கெளம்பினோம். பேரூர் கோயில் பக்கத்துல டீ குடிக்கறப்ப 23. மாதம்பட்டி தாண்டி யாரோ சும்மா எண்ணி பாத்தாங்க, 22. பத்தாவது படிக்கற ஒரு பையன், அவங்கப்பா நம்பி அனுப்பிச்ச பையன், காணோம். அவங்கிட்ட போன் கிடையாது. எனக்கு கையெல்லாம் நடுங்கிருச்சுங்க. நாலு பேரு திரும்பி போனோம். செயின் கழண்டு பல்லுக்கும் பிரேமுக்கும் நடுவுல சிக்கி, ஒரு தென்னந்தோப்பு வேலி ஓரமா உக்காந்து அழுதுட்டு இருந்தான். ரெண்டு நிமிஷ வேலை அது. ஆனா அவனுக்கு அந்த அரை மணி நேரம் எப்படி இருந்திருக்கும்.

அன்னையில இருந்து கெளம்பறப்ப எண்ணுவோம், ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு எண்ணுவோம், ஸ்வீப் வராம அந்த எடத்தை விட்டு யாரும் நகரக்கூடாது. உங்களை மாதிரி 16ல ஓட்டறவங்க எங்ககிட்ட எட்டு பேராவது இருக்காங்க. தைரியமா வாங்க.

சுகர் மாத்திரை எடுக்கறீங்கல்ல, ஒண்ணு மறக்காதீங்க. வெறும் வயித்துல வராதீங்க, காலைல மாத்திரை எப்ப போடறது என்ன சாப்பிடறதுன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. நடுவுல கை நடுங்குது, வேர்த்து கொட்டுது, கண்ணு மங்குதுன்னா உடனே நிறுத்தி சொல்லணும். கூட வர்றவங்ககிட்ட சுகர் இருக்குதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க, இதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.

பஞ்சர்கடை_மகன்

அண்ணா நீங்க வண்டிய தள்ளிட்டு வந்தத படிச்சு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. எங்கப்பா 30 வருஷமா பஞ்சர் கடை வெச்சிருக்காரு, நான் அங்கதான் வளந்தேன். ஒரு விஷயம் கேக்கறேன், உங்க ட்யூப்ல என்ன வால்வுன்னு பாத்தீங்களா? ஹைப்ரிட்ல சிலதுல கார், பைக் டயர்ல இருக்கற அதே வால்வு இருக்கும், அதுக்கு பெட்ரோல் பங்க்லயே காத்து புடிக்கலாம். ஒல்லியா நீட்டமா தலைல ஒரு சின்ன திருகு இருந்தா அது பிரெஸ்டா, அதுக்கு ஊர்ப்பக்க கடைல காத்தடிக்க முடியாது. பித்தளைல ஒரு குட்டி அடாப்டர் கெடைக்கும், அத வால்வு மேல திருகிட்டா எந்த கடை பம்பும் ஒத்துக்கும். ஒரு டீ காசுதான் ஆகும், ஆனா அது இல்லாம பொழுதுக்கும் நின்னவங்கள பாத்திருக்கேன்.

பஞ்சர் ஒட்ட நீங்களே கத்துக்கோங்க, கஷ்டமே இல்ல. நம்ம ரோட்ல ரெண்டு விஷயந்தான் குத்தும், ஒண்ணு வேலிமுள்ளு, இன்னொண்ணு லாரி டயர் வெடிச்சா அதுக்குள்ள இருந்து வர்ற முடி மாதிரி கம்பி. அந்த கம்பி கண்ணுக்கே தெரியாது. ட்யூப மட்டும் மாத்திட்டு டயருக்குள்ள விரல் விட்டு தடவி பாக்காம போட்டீங்கன்னா அடுத்த ஒரு கிலோமீட்டர்ல திரும்ப பஞ்சர் ஆகும். மெதுவா தடவுங்க, விரல கிழிச்சிரும்.

அப்பறம் நாங்க வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை அரசு பள்ளிக்கூடத்துல கேம்ப் போடுவோம், பிளஸ் ஒன் பசங்களுக்கு கவர்மெண்ட் குடுக்கற சைக்கிள் இருக்குதுல்ல, அத சர்வீஸ் பண்ணி குடுப்போம். பாதி வண்டிக்கு பெரிய ரிப்பேரெல்லாம் இருக்காது, வால்டியூப் போயிருக்கும் அதனால காத்து நிக்காது, பிரேக் கட்டை தேஞ்சிருக்கும், ரிம் கோட்டமா இருக்கும், போக்ஸ் கம்பி ரெண்டு லூசா இருக்கும். 20 ரூவா சாமான் இல்லாம அந்த புள்ளை 6 கிலோமீட்டர் போக பஸ்ஸுக்கு காத்துட்டு இருக்கும். போன கேம்ப்ல சாயந்திரம் வரைக்கும் கோட்டம் எடுத்தே என் கட்டைவிரல் மரத்து போச்சு. கடைசி சைக்கிள் முடிஞ்சப்ப அந்த பொண்ணு வாங்கி ஓட்டி பாத்துட்டு "அண்ணா சத்தமே வரலண்ணா"ன்னு சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. லட்ச ரூவா வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் அன்னிக்கு கிரீஸ் கையோட தரையில உக்காந்து இருப்பாங்க. நீங்களும் வாங்கண்ணா, தெரியாட்டி காத்தடிங்க, அதுக்கும் ஆளு வேணும்.

மலை_ஏறி

நான் கொஞ்சம் மாத்தி பேசறேன், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம். விட்டுட்டு போனது தப்பு, திருப்பி கூப்பிடாதது அத விட தப்பு, அதுல ரெண்டு கருத்தே இல்ல. ஆனா வேகமா ஓட்டறவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்குது. நான் கோத்தகிரி ஏறறதுக்கு பழகிட்டு இருக்கேன். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி சுமார் 1800 மீட்டர், நடுவுல எறக்கமே கெடையாதுன்னு சொல்லலாம். அதுக்கு வாரத்துல ஒரு நாளாவது நிக்காம ரெண்டு மணி நேரம் மூச்சு வாங்க ஓட்டி ஆகணும். எனக்கு ஆபீஸ்ல ஞாயிறு மட்டுந்தான் லீவு. ஒவ்வொரு திருப்பத்துலயும் பத்து நிமிஷம் நின்னா உடம்பு ஆறிப்போகுது, திரும்ப சூடேத்தறதுக்குள்ள அடுத்த திருப்பம் வந்துருது. போன வருஷம் நாங்க ஏழெட்டு பேரு இதனாலயே தனியா ஓட்ட ஆரம்பிச்சோம். எல்லாரும் எல்லாருக்கும் காத்திருக்கணும்னா கொஞ்ச நாள்ல நல்லா ஓட்டறவங்க எல்லாம் போயிருவாங்க, அதுவும் கிளப்புக்கு நட்டந்தானே.

வடவள்ளி_டீச்சர்

தம்பி நீங்க சொல்றது எனக்கு புரியுது, ஆனா என் கதைய கேளுங்க.

நான் சேந்தப்ப கிளப்புல பொம்பளைங்க நாங்க மூணு பேருதான். காலைல அஞ்சே கால் மணிக்கு இருட்டுல தனியா ஸ்டார்டிங் பாயிண்ட் வரைக்கும் வரணும், நாய் தொரத்தும், வண்டில போறவன் ஏதாவது சொல்லிட்டு போவான். எங்க வீட்ல போகவே வேணாம்னாங்க. அப்ப இந்த கிளப்புல ரெண்டு பேரு, ஒருத்தர் மணிக்கு 30க்கு மேல ஓட்டறவரு, நானா கேக்கவே இல்ல, எங்க தெரு முனைக்கு வந்து நின்னு கூட்டிட்டு போனாங்க, ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, ஏழு மாசம். வேகமா ஓட்ட முடிஞ்சவங்க அந்த ஏழு மாசம் என்னோட 15ல வந்தாங்க. அவங்க வேகம் ஒண்ணும் கொறஞ்சு போயிடல.

இன்னொண்ணும் சொல்லணும், இது வெளிய யாரும் பேசறதில்ல. பாத்ரூம். ஆம்பளைங்களுக்கு ரோட்டோரம் ஒரு பிரச்சனை இல்ல, நாங்க மூணு மணி நேரம் தண்ணி குடிக்காம ஓட்டிட்டு இருந்தோம். வெயில்ல தண்ணி குடிக்காம ஓட்டறது எவ்வளவு ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் டீக்கடைல வெச்சு எல்லார் முன்னாடியும் நானே சொல்லிட்டேன். அடுத்த வாரத்துல இருந்து ரூட்டு போடறப்பவே சுத்தமான பாத்ரூம் இருக்கற பெட்ரோல் பங்க் எங்கன்னு பாத்து அங்கதான் ஸ்டாப் வெக்கறாங்க. இப்ப நாங்க 14 பேரு ஆயிட்டோம்.

துடியலூர் சார், நீங்க வாங்க. முதல் நாள் நானும் பின்னாடியே வர்றேன்.

மேக்காத்து

ஆனி மாசம் பொறந்தாச்சு, யாரும் காத்த பத்தி சொல்லலியே. சார் புதுசுங்கறதால சொல்றேன், இது தெரியாம நான் முதல் வருஷம் எனக்கு நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு நெனச்சு ஈசிஜி எடுத்து பாத்தேன், நெஜமா.

நம்மூர் பாலக்காட்டு கணவாய்க்கு நேர் எதிர்ல இருக்குது. ரெண்டு பக்கமும் மலை சுவரு மாதிரி நிக்குது, நடுவுல 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு தெறப்பு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவக்காத்து மொத்தமும் அந்த வழியாத்தான் பிச்சுக்கிட்டு வரும். பல்லடம், உடுமலை பக்கம் அவ்வளவு காத்தாலை நிக்கறதுக்கு காரணமே இதான். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல. அதனால இந்த நாலு மாசம் மேக்க பாத்து ஓட்டினா உங்க 16 கிலோமீட்டர் 12 ஆயிரும், அது உங்க தப்பு கிடையாது. வாளையார் ரோட்ல நல்லா ஓட்டறவங்களே பல்ல கடிச்சுக்கிட்டுத்தான் போவாங்க.

சிறுவாணி ரோடு இதுக்கு நல்லது ஏன்னா போறப்ப எதிர்க்காத்து, அப்ப உடம்புல தெம்பு இருக்கும், வர்றப்ப முதுகுல காத்து, பெடல தொட்டா போதும். மாத்தி பல்லடம் பக்கம் போனா ஜாலியா பறந்து போயிருவீங்க, திரும்பறப்ப அழுவீங்க. பொள்ளாச்சி ரோட்ல வலது பக்கத்துல இருந்து தள்ளும், அங்க முன்னாடி போறவருக்கு நேர் பின்னாடி நின்னா மறைவு கெடைக்காது, கொஞ்சம் இடது பக்கமா ஒதுங்கி ஓட்டணும், அதே சமயம் லாரி தாண்டறப்ப காத்து சட்டுன்னு நின்னு சட்டுன்னு அடிக்கும், ஹேண்டில்பார இறுக்கி புடிக்காம ஆனா விடாம வெச்சுக்கணும். இதெல்லாம் தனியா ஓட்டி கத்துக்க ரெண்டு வருஷம் ஆகும், கூட ஒருத்தர் இருந்தா ரெண்டு ஞாயித்துக்கிழமை.

எதிர்க்காத்துல ஒரு கிளப்பு எப்படின்னு தெரிஞ்சுரும். பலமா இருக்கறவங்க முன்னாடி போய் காத்த வாங்கிக்கிட்டா பின்னாடி வர்றவங்களுக்கு பாரம் எவ்வளவோ கொறையும். மலை_ஏறி அண்ணா, உங்களுக்கு மூச்சு வாங்க ஓட்டணும்னா ஜூலை மாசம் எங்களுக்கு முன்னாடி ஆலாந்துறை வரைக்கும் காத்த ஒடைச்சுக்கிட்டு வாங்க, கோத்தகிரி ஏறின மாதிரியே இருக்கும்.

மலை_ஏறி

@மேக்காத்து தம்பி அது நல்ல யோசனை, நெஜமாவே முயற்சி பண்றேன்.

@வடவள்ளி_டீச்சர் அக்கா, ஏழு மாசம் உங்களோட வந்தவரு யாருன்னு எனக்கு தெரியும், எனக்கு மலை ஏற கத்து குடுத்ததே அவருதான். அவரு இத எங்ககிட்ட ஒரு நாள் கூட சொன்னதில்ல. நேத்து ராத்திரி முழுக்க அதையே யோசிச்சேன்.

ஒரு ஏற்பாடு சொல்றேன், பாருங்க. ரெண்டு கோஷ்டியா கெளம்பலாம். நாங்க அஞ்சு மணிக்கு முன்னாடியே போயிர்றோம், பூண்டி அடிவாரம் வரைக்கும் போய் திரும்பறோம், மத்தவங்க அஞ்சே காலுக்கு கெளம்பி ஆலாந்துறை வாங்க, எல்லாரும் ஒரே டீக்கடைல சேருவோம், வர்றப்ப ஒண்ணா வருவோம். அதோட வேகமா ஓட்டற கோஷ்டில இருக்கற ஒவ்வொருத்தரும் மாசத்துல ஒரு ஞாயிறு ஸ்வீப் எடுக்கணும். நான் முதல் ஆளா பேரு குடுக்கறேன்.

ரெண்டுசக்கரம்

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒரே ஒரு திருத்தம். ஆலாந்துறைக்கு மேக்க விடியறதுக்கு முன்னாடி போகாதீங்க, ஆனை நடமாட்டம் இருக்கற எடம். சைக்கிள்ல சத்தம் கெடையாது, நாம வர்றது அதுக்கு தெரியாது, அது நிக்கறது நமக்கு தெரியாது. நல்லா வெளிச்சம் வந்த பொறவு தாண்டுங்க.

இருநூறு_முன்னூறு

நான் பிரவே ஓட்டறவன், அந்த அனுபவத்துல ரெண்டு வார்த்தை. தெரியாதவங்களுக்காக சொல்றேன், பிரவேங்கறது பந்தயம் இல்ல. 200 கிலோமீட்டர்னா பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. அதுக்குள்ள முடிச்சா போதும், முதல்ல வந்தவருக்கும் கடைசில வந்தவருக்கும் ஒரே மரியாதைதான், ரேங்க் கெடையாது. கணக்கு போட்டா மணிக்கு 15 கிலோமீட்டர் கிட்டத்தான் வரும், ஆனா டீ, சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் அந்த நேரத்துக்குள்ளயே வரணும்.

என் முதல் 200ல 150க்கு அப்பறம் எனக்கு வாந்தி. வெயில்ல உப்பு எறங்கிருச்சு, வெறும் தண்ணியா குடிச்சுட்டே இருந்தேன், அதான் தப்பு. ரோட்டோர புளியமரத்தடில படுத்துட்டேன், முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு போன் போட எடுத்தேன். முன்ன பின்ன பழக்கமில்லாத ஒருத்தர் நின்னாரு. ஓஆர்எஸ் கரைச்சு குடுத்தாரு, பொட்டுக்கடலை குடுத்தாரு, அரை மணி நேரம் பேசாம உக்காந்திருந்தாரு. அப்பறம் "எந்திரிங்க, என் பின் சக்கரத்த மட்டும் பாத்துட்டு வாங்க, வேற எதையும் பாக்காதீங்க"ன்னாரு. கடைசி 50 கிலோமீட்டரும் அப்படியே வந்தேன். 13 மணி 10 நிமிஷம். அவரு தனியா போயிருந்தா பத்து மணி நேரத்துல முடிச்சிருப்பாரு.

பிரான்ஸ்ல பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ்னு ஒண்ணு நடக்குது, 1891ல ஆரம்பிச்சது, இப்ப நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, 1200 கிலோமீட்டருக்கு மேல, 90 மணி நேரம். 2023ல நடந்துச்சு, அடுத்தது 2027. வழியில ஊருக்காரங்க வீட்டு வாசல்ல மேசை போட்டு ராத்திரி பூரா காபி குடுப்பாங்களாம். ஒரு ஊர்ல காசே வாங்காம அவங்க ஊரு தோசை மாதிரி ஒண்ணு சுட்டு குடுத்துட்டு, ஊருக்கு போய் ஒரு போஸ்ட்கார்டு போடுங்க அது போதும்னு சொல்வாங்களாம். எனக்கு அங்க போகணும், அந்த போஸ்ட்கார்ட எழுதணும், அதுக்குத்தான் இவ்வளவும் ஓட்டறேன்.

துடியலூர் சார், 16, 17ல சீரா ஓட்டறீங்கன்னா நீங்க ஏற்கனவே பிரவே வேகத்துலதான் இருக்கீங்க. வேகத்த பத்தி கவலைப்படாதீங்க, உக்காந்து ஓட்டற நேரத்த மெதுவா கூட்டுங்க.

துடியலூர்_வாசி

எல்லாருக்கும் நன்றி. மூணு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வந்துட்டு எழுதறேன்.

முதல் வாரம் மாதம்பட்டி கிட்ட எதிர்க்காத்துல கால் ஓஞ்சு போச்சு. எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சு திரும்பி பாத்தா டீச்சரம்மாவும் மஞ்ச பையோட ரெண்டுசக்கரம் அண்ணனும் பின்னாடி பேசிட்டே வந்துட்டு இருக்காங்க. வேகமா வாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. கொஞ்ச நேரத்துல அண்ணன் முன்னாடி வந்து என் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓட்ட ஆரம்பிச்சாரு, அப்பத்தான் காத்து மறையறதுன்னா என்னன்னு தெரிஞ்சுது, சட்டுன்னு ஒரு கதவ சாத்தின மாதிரி இருந்துச்சு. டீக்கடைக்கு போனப்ப வேகமா ஓட்டறவங்க அத்தனை பேரும் டீ சொல்லாம உக்காந்து இருந்தாங்க. நாங்க வந்த பொறவுதான் சொன்னாங்க.

ரெண்டாவது வாரம் மழை தூறல், நானே பஞ்சர் போட்டேன், 25 நிமிஷம் ஆச்சு, ஆறு பேரு சுத்தி நின்னாங்க, ஒருத்தரும் கைய நீட்டி புடுங்கல, நீங்களே பண்ணுங்கன்னு விட்டாங்க. டயருக்குள்ள விரல் விட்டு பாத்தேன், தம்பி சொன்ன மாதிரியே முடி கம்பி.

மூணாவது வாரம் மலை_ஏறி தம்பி ஸ்வீப். நானும் அவரும் பேசிக்கிட்டே வந்தோம். அவங்கப்பாவுக்கும் சுகராம், சைக்கிள் ஓட்ட வெக்கணுமாம், ஆனா இவரு வேகத்த பாத்து வரமாட்டேங்கறாராம். என்கூட வந்தா பயம் போயிரும்னு சொன்னேன், அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றாரு.

அதனால ஒரு விண்ணப்பம். அடுத்த ஞாயிறு ஸ்வீப்புக்கு ரெண்டாவது ஆளா என் பேரை போட முடியுமா? பஞ்சர் போட எனக்கு நேரம் ஆகும், ஆனா கடைசில வர்றதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

ரெண்டுசக்கரம்

போட்டாச்சுங்க. பை என்கிட்ட இருக்குது, சனிக்கிழமை சாயந்திரம் வடவள்ளி பக்கம் வந்தீங்கன்னா வாங்கிக்கங்க. ட்யூப் மூணு இருக்குது, பேட்ச் இருக்குது, குளுக்கோஸ் புதுசு வெச்சிருக்கேன். பித்தளை அடாப்டர் மட்டும் எங்கயோ விழுந்திருச்சு. பஞ்சர்கடை தம்பி, வர்றப்ப ஒண்ணு எடுத்துட்டு வா.

பஞ்சர்கடை_மகன்

ரெண்டா எடுத்துட்டு வரேங்ணா. துடியலூர் அண்ணா, பின் லைட்ட சார்ஜ் போட்டு வைங்க, போன வாரம் திரும்பறப்பவே மங்கிருச்சு.